1996-ல திறந்த கேள்வியை 2019-லதான் மூடினாங்களாம், நடுவுல ரியாக்டர் எல்லாம் ஓடிக்கிட்டேதான் இருந்துச்சா?

குழாயடி_சண்டை:

எல்லாருக்கும் வணக்கம். கெமிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருஷம். செமினாருக்கு அணுஉலை பாதுகாப்புன்னு தலைப்பு விழுந்திருக்கு (நானா கேக்கல, சீட்டு குலுக்கிப் போட்டாங்க). தேடிப் பார்த்தப்போ அமெரிக்காவுல அணுஉலைகளுக்கு லைசென்ஸ் குடுக்குற என்ஆர்சி ஒரு பட்டியல் வச்சிருக்கிறது தெரிஞ்சுது. ஒரே ஒரு பிளான்ட்டோட கோளாறு இல்ல, ஒரே மாதிரி டிசைன் இருக்கிற பல பிளான்ட்டுக்கும் பொதுவா வரக்கூடிய சந்தேகங்களுக்கு ஒரு நம்பர் போட்டு, இதுக்கு மேல என்ன பண்ணணும்னு முடிவு பண்றாங்க. ஜெனரிக் இஷ்யூன்னு பேரு. சிலதுக்கு நேரா ரிசால்வ்டுன்னு போட்டிருக்கு, சிலதுக்கு டிராப்புன்னு போட்டிருக்கு, சிலதை இன்னொரு நம்பரோட சேர்த்துட்டாங்க.

அதுல 191-ஆம் நம்பர்தான் என் தலையை சுத்த வைக்குது. விபத்து நடந்தா கீழ தேங்குற தண்ணியை பம்ப் திரும்ப இழுக்குற இடத்துல இருக்கிற சல்லடை அடைச்சுக்குமாங்கிறதுதான் கேள்வி. அவ்ளோதான். 1996-ல திறந்து 2019-ல மூடியிருக்காங்க. ஒரு சல்லடைக்கு 23 வருஷமா? நடுவுல அத்தனை ரியாக்டரும் ஓடிக்கிட்டுதானே இருந்துச்சு? இது அலட்சியமா இல்ல எனக்குத்தான் ஏதோ புரியலையா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, திட்டாதீங்க.

டிகாஷன்:

தம்பி, நான் அணுஉலையில வேலை பார்த்தவன் இல்ல, அனல் மின் நிலையத்துல பம்ப் பக்கம் 30 வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவன். ஸ்ட்ரெய்னர் அடைச்சுக்கிட்டு நடுராத்திரி பம்ப் காலி டப்பாவுல கூழாங்கல் போட்டு குலுக்குற மாதிரி கத்துறதை நிறைய தடவை கேட்டிருக்கேன், அதனால இந்த விஷயத்தை ரிட்டயர் ஆனப்புறம் ஒரு பைத்தியம் மாதிரி படிச்சேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோ.

முதல்ல சல்லடைன்னு லேசா நினைக்காத. பிரஷரைஸ்டு வாட்டர் ரியாக்டர்ல (தண்ணியை கொதிக்க விடாம அழுத்தத்துல வச்சிருக்கிற ரகம்) பெரிய குழாய் ஒண்ணு உடைஞ்சா கோர், அதாவது எரிபொருள் இருக்கிற நடுப்பகுதி, சூடாகாம இருக்க அவசரத் தண்ணியை அடிப்பாங்க. அந்தத் தண்ணி முதல்ல வெளிய இருக்கிற ஒரு பெரிய டேங்க்ல இருந்து வரும், டேங்க் காலியானதும் பம்ப், கட்டடத்துக்குள்ள கீழ குழியில தேங்கியிருக்கிற அதே தண்ணியை இழுத்து சுத்தி சுத்தி அடிக்கணும். அந்தக் குழிக்கு மேல போட்டிருக்கிறதுதான் நீ சொல்ற சல்லடை. இப்போ குழாய் உடையும்போது என்ன நடக்கும்னு யோசி. சீறி அடிக்கிற நீராவி பக்கத்து குழாய்ல சுத்தியிருக்கிற இன்சுலேஷனை எல்லாம் பிய்ச்சு எறியும், பெயின்ட் உரியும், தூசி, சிமென்ட் பொடி எல்லாம் அடிச்சுக்கிட்டு அந்தக் குழிக்குதான் வரும்.

இங்க ஒரு வேடிக்கை இருக்கு. குப்பை நிறைய வந்தாதான் ஆபத்துன்னு நாம நினைப்போம். அப்படி இல்ல. வீட்டு காபி ஃபில்டரை நினைச்சுக்கோ. பொடியை ரொம்ப நைசா அரைச்சுட்டு வந்து போட்டா டிகாஷன் இறங்கவே இறங்காது, அம்மா ஃபில்டரைத் தட்டிக்கிட்டே நிப்பாங்க. ஃபில்டர்ல துளை அப்படியேதான் இருக்கு, மேல உக்காந்த பொடிப் படுகைதான் தண்ணியை விடமாட்டேங்குது. சல்லடை மேலயும் இதேதான், இழை இழையான இன்சுலேஷன் சும்மா 3 மில்லிமீட்டர் அளவு படிஞ்சா போதும், அப்புறம் வர்ற நைஸ் துகளை எல்லாம் அது பிடிச்சு வச்சுக்கும், பம்புக்கு உறிஞ்சத் தேவையான அழுத்தம் போயிடும். தடிமனா படிஞ்சதைவிட மெல்லிசா படிஞ்சது சில நேரம் மோசம். இதைக் கண்டுபிடிக்கவே ஆளுங்களுக்கு நாளாச்சு.

இது பேப்பர்ல இல்லாம நிஜமா நடந்த இடம் ஸ்வீடன். பார்செபேக் 2-ஆவது யூனிட், 1992 ஜூலை 28. ரியாக்டரை ஸ்டார்ட் பண்ணிக்கிட்டிருக்கும்போது ஒரு பாதுகாப்பு வால்வு திறந்துக்கிச்சு, நீராவி அடிச்சதுல சுமார் 200 கிலோ மினரல் வூல் இன்சுலேஷன் பிய்ஞ்சுது, அதுல பாதி கீழ தண்ணித் தொட்டிக்குப் போச்சு. சல்லடை அடைக்க 10 மணி நேரமாவது ஆகும்னு டிசைன்ல கணக்கு போட்டிருந்தாங்க. ஒரு மணி நேரம் சொச்சத்துலயே அடைச்சுக்கிச்சு. அதிர்ஷ்டம், ஆபரேட்டருங்க பார்த்துட்டாங்க, தண்ணியை எதிர்ப்பக்கமா அடிச்சு சல்லடையைக் கழுவிட்டாங்க. அதுக்கப்புறம் ஸ்வீடன்ல அதே மாதிரி பழைய பாய்லிங் வாட்டர் ரியாக்டர் (உள்ளேயே தண்ணி கொதிச்சு நீராவியாகுற ரகம்) அஞ்சை நிறுத்தி வச்சு சரி பண்ணாங்க. பார்செபேக் வேற ரகம்தான், ஆனா சல்லடைக்கு ரியாக்டர் ரகம் தெரியுமா என்ன. அமெரிக்காவுல முதல்ல பாய்லிங் வாட்டர் ரகத்துக்கு 1996-ல புல்லட்டின்னு ஒரு எச்சரிக்கைக் கடிதம் போட்டாங்க, அதே வருஷம்தான் பிரஷரைஸ்டு ரகத்துக்கு உன்னோட 191 திறந்தது.

சந்தேகப்பிராணி:

டிகாஷன் சார் அழகா சொன்னார், ஆனா ஒண்ணை விட்டுட்டார். 191 பிறந்தது 1996-ல இல்லீங்க. அதுக்கு ஒரு அண்ணன் இருக்கான், ஏ-43-ன்னு பேரு. 1979-லயே இதே சல்லடைக் கேள்வியை தீர்க்கப்படாத பாதுகாப்புப் பிரச்சனைன்னு தனிப் பட்டியல்ல சேர்த்தாங்க. அந்தப் பட்டியலே 1977-ல அமெரிக்க காங்கிரஸ் சட்டம் போட்டு, இதெல்லாம் எப்போ தீர்ப்பீங்கன்னு எங்களுக்கு வருஷா வருஷம் கணக்கு சொல்லுங்கன்னு கேட்டதால வந்தது. சோதனை எல்லாம் பண்ணி 1985-ல ஏ-43 ரிசால்வ்டுன்னு மூடிட்டாங்க.

எப்படி மூடினாங்கன்னு கேளுங்க. அதுவரைக்கும் சல்லடையில பாதி அடைச்சுக்கும், பாதி திறந்திருக்கும்னு ஒரு கணக்கு வச்சுதான் டிசைன். அந்தப் பாதிக் கணக்கு தப்புன்னு அவங்களே சொன்னாங்க, பிளான்ட்டுக்கு பிளான்ட் தனித்தனியா கணக்கு போடணும்னு வழிகாட்டியையும் திருத்தினாங்க. ஆனா அது புதுசா கட்டுறவங்களுக்கு! ஏற்கெனவே ஓடுறவங்களை மாத்தச் சொன்னா ஆகுற செலவுக்கு கிடைக்கிற நன்மை பத்தாதுன்னு கணக்கு காட்டி, ஒரு கடுதாசி மட்டும் அனுப்பி, இன்சுலேஷன் மாத்தும்போது இதை மனசுல வச்சுக்கோங்கன்னு முடிச்சுட்டாங்க. ஏழு வருஷத்துல பார்செபேக்.

அந்தக் காசுக் கணக்கு என்னன்னா, மக்கள் மேல விழக்கூடிய கதிர்வீச்சு குறையுறதை ஆள்-ரெம்னு ஒரு அளவுல அளந்து ஒரு ஆள்-ரெம்முக்கு 1000 டாலர்னு அப்போ ரேட்டு வச்சிருந்தாங்க. 1995-ல அதை 2000 ஆக்கினாங்க. ஓடிக்கிட்டு இருக்கிற பிளான்ட்ல புதுசா ஒண்ணை மாத்தச் சொல்லணும்னா பாதுகாப்பு கணிசமா கூடணும், செலவுக்கு அது தகுதியா இருக்கணும்னு ஒரு விதி இருக்கு (அடிப்படைப் பாதுகாப்பே இல்லைங்கிற நிலைமைன்னா காசு பார்க்க வேண்டாம், அது வேற). கூட்டிக் கழிச்சுப் பார்த்தா கணக்கு எப்பவும் சரியாதான் வரும், போட்ட அனுமானம்தான் தப்பா இருக்கும்.

குழாயடி_சண்டை:

ஐயோ இது எனக்குத் தெரியாது. அப்போ ரிசால்வ்டுன்னு போட்டா பிரச்சனை தீர்ந்துச்சுன்னு அர்த்தம் இல்லையா?? நான் ஸ்லைடுல ரிசால்வ்டு எல்லாத்தையும் பச்சை கலர்ல போட்டு வச்சிருக்கேன்.

டிகாஷன்:

பச்சையை அழிச்சுடு தம்பி. நான் சொல்ல வந்ததே அதுதான், சந்தேகப்பிராணி முந்திக்கிட்டார், அவர் சொன்னது சரி.

அவங்க பாஷையில ரிசால்வ்டுன்னா "நாங்க என்ன பண்ணணும்னு முடிவு பண்ணிட்டோம்"னு அர்த்தம். அதுக்கப்புறம் மூணு படி இருக்கு. முடிவை விதியாவோ கடிதமாவோ பிளான்ட் மேல சுமத்துறது ஒண்ணு, பிளான்ட்காரன் போய் இரும்பை வெட்டி ஒட்டி மாத்துறது ஒண்ணு, மாத்தினானான்னு இன்ஸ்பெக்டர் போய் கண்ணால பார்த்து கையெழுத்து போடுறது ஒண்ணு. முடிவே "ஒண்ணும் பண்ண வேண்டாம்"னு வந்தாலும் ரிசால்வ்டுதான். நம்ம ஊர் ஆபீஸ்ல மனு குடுத்தா "தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு முடித்து வைக்கப்பட்டது"னு வரும்ல, ரோடு போட்டாங்களான்னு அதுல இருக்காது.

23 வருஷம் எங்க போச்சுன்னு கேட்டியே. முதல்ல 1996-ல இருந்து 2002 வாக்குல வரைக்கும் ஆராய்ச்சி. அமெரிக்காவுல பிரஷரைஸ்டு ரக ரியாக்டர் 69 இருந்துச்சு, ஒவ்வொண்ணுலயும் இன்சுலேஷன் வேற, குழி வேற, பம்ப் வேற. 2003-ல, பதில் வர்ற வரைக்கும் சும்மா இருக்காதீங்க, இடைக்கால ஏற்பாடு பண்ணுங்கன்னு ஒரு புல்லட்டின் விட்டாங்க. ஆபரேட்டருக்குப் பயிற்சி, உள்ள கிடக்கிற டேப், அட்டை, துணி எல்லாத்தையும் கூட்டி அள்ளுறது இந்த மாதிரி. 2004-ல பெரிய கடிதம், 2007 டிசம்பருக்குள்ள சரி பண்ணியாகணும்னு கெடு. இங்கதான் இரும்பு வேலை நடந்துச்சு, ஒஹாயோவுல டேவிஸ்-பெஸ்ஸி பிளான்ட்ல சுமார் 50 சதுர அடி இருந்த சல்லடையை 1200 சதுர அடிக்கு மாத்தினாங்க, அது கெடுவுக்கெல்லாம் முன்னாடியே, ரியாக்டரோட மேல் மூடி அரிச்சுப் போன வேற கதைக்காக நிறுத்தி வச்சிருந்தப்போ. மத்த இடத்துலயும் சல்லடை பல மடங்கு பெருசாச்சு. ஆக, ஆபத்து பெரும்பாலும் குறைஞ்சது அப்போவே. 2019 வரைக்கும் எல்லாரும் சின்ன சல்லடையோட ஓட்டிக்கிட்டு இருந்தாங்கன்னு எழுதிடாத, அது தப்பு.

அப்புறம் ஏன் இழுத்துச்சுன்னா நீ கெமிக்கல்தானே படிக்கிற, இது உனக்கானது. அந்தத் தண்ணி சும்மா தண்ணி இல்ல, போரிக் ஆசிட் கலந்தது, அமிலத்தை சமன் பண்ண சில பிளான்ட்ல ட்ரைசோடியம் பாஸ்பேட் கூடையில வச்சிருப்பாங்க. இன்சுலேஷன்ல கால்சியம் சிலிகேட் இருந்தா கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து என்ன ஆகும்? வெள்ளையா வீழ்படிவு. உள்ள இருக்கிற அலுமினியம் கரைஞ்சு தண்ணி ஆறும்போது ஹைட்ராக்சைடு மாதிரி ஒரு கொழகொழப்பு. ஏற்கெனவே இழை படிஞ்ச சல்லடை மேல இது போய் உக்காந்தா எப்படி இருக்கும்? 1996-ல கேள்வி எழுதினப்போ இது அவங்க மனசுலயே இல்ல. சோதனைல வந்து நின்னுச்சு.

அதுவும் போக இன்னொண்ணு. சல்லடையைப் பெருசாக்கினா அதைத் தாண்டி நைஸ் இழை உள்ள போகும்ல, அது நேரா ஃபியூவல் கட்டுல போய் மாட்டும். மேல அடைப்பை எடுத்து கீழ விட்ட மாதிரி. ஒரு ஃபியூவல் கட்டுக்கு 15 கிராம் இழை வரைக்கும்தான் தாங்கும்னு ஒரு எல்லை வச்சாங்க. 15 கிராம் தம்பி, ஒரு கைப்பிடி பஞ்சுகூட கிடையாது. அப்போ இழை இன்சுலேஷன் நிறைய வச்சிருக்கிறவன் என்ன பண்ணுவான், எல்லாத்தையும் பிடுங்குன்னா வேலை பார்க்கிறவன் வாங்குற கதிர்வீச்சு டோஸ் யாரு கணக்கு? அதனால நிகழ்தகவு வச்சு கணக்கு போட ஒரு வழி குடுத்தாங்க, டெக்சஸ்ல சவுத் டெக்சஸ் பிளான்ட்தான் அதுக்கு முன்மாதிரியா போச்சு. இப்படி ஒரே நம்பருக்குள்ள மூணு கேள்வி புகுந்துக்கிச்சு, ஒண்ணுக்கு பதில் வரும்போது அடுத்தது முளைக்கும்.

என் அபிப்பிராயம், 23 வருஷத்துல முதல் எட்டு வருஷத்தைத்தான் திட்டலாம். பின்னாடி பதினஞ்சு வருஷம் மெதுவா இருந்தாலும் நேர்மையா தோண்டினாங்க.

சந்தேகப்பிராணி:

அதுல எனக்கு உடன்பாடு இல்ல சார். முதல் எட்டு வருஷம் எதை வச்சு ஓடவிட்டாங்க? பெரிய குழாய் உடையுற வாய்ப்பு ரொம்பக் கம்மி, உடையுறதுக்கு முன்னாடி கசியும், கசிஞ்சா தெரியும், சின்ன ஓட்டைன்னா அவ்வளவு குப்பை வராது. இதெல்லாம் நியாயம்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா இதே வாதத்தை வச்சு எந்தக் கேள்வியை வேணா எத்தனை வருஷம் வேணா தள்ளிப் போடலாமே.

பட்டியலை வரிசையா பாருங்க, எந்தக் கேள்வியும் தானா நகரல, ஏதாவது நடந்தப்புறம்தான் நகருது. ரியாக்டரை உடனே நிறுத்தணும்னு சிக்னல் வந்தும் அணு வினையை நிறுத்துற கன்ட்ரோல் ராட் இறங்கலேன்னா என்ன பண்றதுங்கிற கேள்வி 1960-களோட கடைசியிலயே வந்தாச்சு. சண்டை போட்டுக்கிட்டே இருந்தாங்க. 1983 பிப்ரவரி 25, நியூ ஜெர்சி சேலம் பிளான்ட், சிக்னல் வந்துச்சு, கரன்ட்டை வெட்டி ராடை இறக்குற பிரேக்கர் திறக்கல, ஆபரேட்டர் கையால நிறுத்தினார். விசாரிக்கப் போனா மூணு நாள் முன்னாடி, 22-ஆம் தேதியும் இதே நடந்திருக்கு, யாருக்கும் தெரியவே இல்ல! அடுத்த வருஷம் விதி வந்துருச்சு.

199-ஆம் நம்பரும் அப்படித்தான். கிழக்கு அமெரிக்காவுல நிலநடுக்க ஆபத்து முன்ன நினைச்சதைவிட அதிகமோன்னு 2005-ல திறந்தாங்க, 2010-ல மதிப்பீடு முடிஞ்சுது. 2011 மார்ச்ல ஃபுகுஷிமா. அதே ஆகஸ்ட்ல வர்ஜீனியாவுல 5.8 நிலநடுக்கம், நார்த் ஆனா பிளான்ட் டிசைன்ல வச்ச அளவையே தாண்டி ஆடுச்சு. 2012 மார்ச்ல எல்லா பிளான்ட்டுக்கும் கடிதம் போச்சு. ஆறு வருஷம் மெதுவா உருண்டது ஒரு வருஷத்துல ஓடுச்சு பாருங்க.

மஞ்சப்பை:

காலங்காத்தால இதைப் படிச்சுட்டு காபியே குடிக்கப் பிடிக்கல. நன்றி.

கேபிள்_டிரே:

ஒரு விஷயம் சேர்த்துக்கிறேன், நான் எலக்ட்ரிகல். பட்டியல் வச்சிருக்கிற நாட்டுக்கு மட்டும் பாடம் போய் சேர்ந்தா பத்தாது. 1975 மார்ச் 22, அலபாமாவுல பிரௌன்ஸ் ஃபெரி. காத்து கசியுதான்னு பார்க்க மெழுகுவத்தியைப் பிடிச்சாங்க, அடைப்புக்கு வச்ச ஃபோம் பத்திக்கிச்சு, 1600 கேபிள் எரிஞ்சுது. ஒரு லைன் போனா இன்னொரு லைன் இருக்குன்னு நினைச்சது ரெண்டும் ஒண்ணா ஒரே இடத்துல ஓடினதால சேர்ந்தே போச்சு. அதை வச்சு 1980-ல கேபிளைப் பிரிச்சு வைக்கணும்னு விதி போட்டாங்க.

இப்போ நம்ம நாடு. 1993 மார்ச் 31 விடியக்காலை, உத்தரப் பிரதேசத்துல நரோரா 1-ஆவது யூனிட். டர்பைன் கடைசி வரிசை பிளேடு ரெண்டு உடைஞ்சு, அதிர்வுல ஜெனரேட்டரைக் குளிர வைக்கிற ஹைட்ரஜன் கசிஞ்சு தீப்பிடிச்சு, தீ கேபிள் வழியா போச்சு. மெயின் சப்ளை, டீசல், பேக்கப் எல்லாத்தோட கேபிளும் ஒரே பக்கமா போயிருந்துச்சு. 17 மணி நேரம் பிளான்ட் முழுக்க கரன்ட் இல்ல. இருட்டுல டார்ச் வச்சு மேல ஏறி கையால வால்வைத் திறந்து அணு வினையை அடக்குற போரானை விட்டாங்க, டீசல் தீயணைப்பு பம்பை வச்சு, ரியாக்டர் சூட்டை வெளிய எடுக்குற ஸ்டீம் ஜெனரேட்டருக்கு தண்ணி அடிச்சாங்க, அதுதான் காப்பாத்துச்சு. பிரௌன்ஸ் ஃபெரிக்கு 18 வருஷம் கழிச்சு. அதுக்கப்புறம் அதே மாதிரி டர்பைன் இருக்கிற மத்த யூனிட் பிளேடு எல்லாம் பார்த்து மாத்தினாங்க, கேபிளையும் பிரிச்சாங்க. அதுவும் ஜெனரிக் இஷ்யூதான், இங்க அதுக்கு நம்பர் போட்ட பட்டியலை நீயும் நானும் வீட்ல உக்காந்து படிக்க முடியலங்கிறதுதான் வித்தியாசம்.

அதனாலதான் அமெரிக்காக்காரனை 23 வருஷம்னு கிண்டல் பண்ண எனக்கு மனசு வரல. அவன் 1985-ல தப்பா மூடினதுகூட அவனோட சொந்த ஆவணத்துலயே இருக்கு.

சந்தேகப்பிராணி:

அந்தக் கடைசி வரிக்கு மட்டும் ஒத்துக்கிறேன். பொதுஜனம் யாரு வேணா ஒரு இஷ்யூ சமர்ப்பிக்கலாம்னும் வச்சிருக்காங்க, ரெண்டு பிளான்ட்டையாவது பாதிக்கணும், வேற எந்தத் திட்டத்துலயும் ஏற்கெனவே பார்த்துக்கிட்டு இருக்கக் கூடாது, இப்படி சில நிபந்தனை. வடிகட்டல்லயே நிறைய போயிடும்னு வைங்க.

குழாயடி_சண்டை:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, கேபிள் அண்ணே நரோரா கதை எனக்குத் தெரியவே தெரியாது, எங்க சிலபஸ்ல இல்ல. ஸ்லைடுல பச்சை கலரை எடுத்துட்டேன், அதுக்குப் பதிலா முடிவு பண்ணாங்களா, சுமத்துனாங்களா, மாத்தினாங்களா, பார்த்தாங்களான்னு நாலு கட்டம் போட்டிருக்கேன், ஏ-43-க்கு முதல் கட்டம் மட்டும்தான் நிறையுது, பார்க்கவே ஒரு மாதிரி இருக்கு. பிரச்சனை என்னன்னா எனக்கு 10 நிமிஷம்தான் டைம். எதைச் சொல்றது எதை விடுறது?

டிகாஷன்:

பார்செபேக் மட்டும் சொல்லு. கையில ஒரு காபி ஃபில்டரை எடுத்துட்டுப் போ, நைஸ் பொடி போட்டு தண்ணி ஊத்திட்டு பேச ஆரம்பி, நீ முடிக்கிற வரைக்கும் ஒரு சொட்டு இறங்காது, எக்ஸ்டர்னல் உன்கிட்ட கேள்வியே கேக்க மாட்டார்.

குழாயடி_சண்டை:

சார் எங்க வீட்ல டீதான். டீ வடிகட்டி பரவாயில்லையா?

டிகாஷன்:

அது சரிப்படாது, துளை பெருசு, தூள் எல்லாம் கீழ டம்ளருக்குப் போயிடும். அது 15 கிராம் கேஸ். நேரம் மிச்சம் இருந்தா ரெண்டாவது ஸ்லைடுக்கு வச்சுக்கோ.